சும்மா கிடக்கும் நாட்களுக்கு ஒரு பிரிண்டர்

தேனியில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடைப் படியேறி, "எழுதுறவங்களுக்குத் தோதா ஒரு பிரிண்டர் வேணும்ணே" என்று கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "மாசத்துக்கு எத்தனை பக்கம் எடுப்பீங்க?" என்பதாகத்தான் இருக்கும். வக்கீல் குமாஸ்தாவிடம் இதற்குப் பதில் உண்டு. போடி ஏலக்காய்க் கடைக்காரரிடமும் உண்டு. எழுத்தாளர்தான் விழிப்பார். தையில் ஒரு பக்கம்கூட எடுத்திருக்க மாட்டார், மாசியிலும் இல்லை. பங்குனியில் நாவல் முடிந்த ராத்திரி முந்நூறு பக்கத்தையும் விடிவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று நிற்பார். அதன் பிறகு ஆடி வரைக்கும் மிஷின்மேல் பழைய துண்டு மூடியிருக்கும்.

வருஷக் கணக்கைப் பன்னிரண்டால் வகுத்து "மாசம் எண்பது பக்கம்" என்று சொல்லிவிடலாம். கணக்கு சரியாக இருக்கும், வாங்கிவரும் பிரிண்டர் தப்பாகப் போகும். எழுத்தாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரே தொடர்ச்சியாக எத்தனை நாள் அது சும்மா கிடக்கும்?

தேனி மாவட்டத்தில் காகிதம் தின்னும் ஆட்களுக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை. சி.சு. செல்லப்பா 1912இல் சின்னமனூரில் பிறந்தவர். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிப் பதினோரு ஆண்டுக்கு மேல் கைக்காசைப் போட்டு நடத்தினார், புத்தகக் கட்டைத் தானே சுமந்துபோய் விற்றார். வாழ்க்கையின் கடைசியில் அவர் கொண்டுவந்த 'சுதந்திர தாகம்' மூன்று பாகம். அதற்கு 2001இல் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. வைகை அணைத் தண்ணீருக்குள் போன ஊர்களைக் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆக்கிய வைரமுத்து வடுகபட்டிக்காரர். பெரியகுளத்துக்கு மு. மேத்தா, போடிப் பக்கம் மீனாட்சிபுரத்துக்கு நா. காமராசன். அல்லிநகரத்து பாரதிராஜாவைப் பார்த்து ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தவர்களை எண்ணி மாளாது.

மூன்று பாக நாவல் ஒன்று ஏ4 தாளில் ஆயிரம் பக்கம் வருகிறது, அதை ஆசிரியர் மூன்று தடவை திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்க அச்சில் மூவாயிரம் தாள், அதாவது ஆறு ரீம். 75 ஜிஎஸ்எம் ஏ4 ரீம் ஒன்று ஏறக்குறைய 2.34 கிலோ எடை. பதினான்கு கிலோ காகிதம் ஒரு நாவலுக்கு. அரிசிச் சிப்பத்தில் பாதிக்கு மேல்.

ஈமெயிலில் அனுப்பினால் பத்திரிகை வாங்கிக்கொள்கிற காலத்தில் இவ்வளவு காகிதம் எதற்கு? நியாயமான கேள்விதான். அனுப்புவதற்கு இன்றைக்குப் பெரும்பாலும் அச்சு தேவையில்லை. திருத்துவதற்குத்தான் தேவை. திரையில் பத்து தடவை படித்தும் கண்ணில் படாத பிழை காகிதத்தில் முதல் பார்வையிலேயே முறைக்கும். தமிழில் ஒரு புள்ளி விழாமல் போனால் கல்வி கலவியாகிவிடும். பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தருகிற தமிழாசிரியரைக் கேட்டால் இதன் பயங்கரம் தெரியும். திராட்சைத் தோட்டத்துக்காரர் கொடியைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் கவாத்து வெட்டுவார். கதையை வெட்டுவதற்கும் கையில் ஒரு தாளும் சிவப்புப் பேனாவும் வேண்டியிருக்கிறது.

ஆக, வாங்கப்போவது திருத்தப்படி எடுக்கும் மிஷின். கறுப்பு எழுத்து, ஏ4 தாள், சில சமயம் மூட்டையாக, பல சமயம் ஒன்றுமேயில்லை. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

மை காயும், பொடி காயாது

வீட்டுப் பிரிண்டரில் இரண்டு சாதி. ஒன்று திரவ மையைத் துளித்துளியாகத் தெளிப்பது. இன்னொன்று டோனர் என்னும் பொடியைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் லேசர்.

தெளிக்கிற வகையில் இப்போது கடையை நிறைத்திருப்பது டேங்க் பிரிண்டர். இதற்குப் பின்னால் சுவையான கதை ஒன்று உண்டு. கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாத ஆசிய நாடுகளில் மெக்கானிக்குகள் கார்ட்ரிட்ஜில் துளைபோட்டு, குழாய் மாட்டி, வெளியே மை டப்பாவைத் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளிலும் அந்தக் குழாய் தொங்கும் மிஷின்களைப் பார்த்திருக்கலாம். அதைத் தடுக்க முடியாமல்போன எப்சன் நிறுவனம், 2010இல் இந்தோனேசியாவில் டேங்கோடு சேர்ந்த பிரிண்டரைத் தானே விற்கத் தொடங்கியது. பிறகு கேனான், ஹெச்பி, பிரதர் எல்லாம் பின்னாலேயே வந்தன. இன்றைக்கு ஒரு கறுப்பு மை பாட்டிலில் 4,000 முதல் 7,000 பக்கம் வரை வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு மைச் செலவு பத்துப் பைசாவைச் சுற்றித்தான் நிற்கும். இவ்வளவு மலிவாக வேறு எந்த மிஷினும் அச்சடிக்காது.

சிக்கல் சும்மா கிடக்கும்போதுதான். மை வெளியே வரும் துளை தலைமுடியைவிட மெல்லியது. பல வாரம் தொடாமல் விட்டால் துளை வாயில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். எழுத்தாளர் அறை பெரும்பாலும் மொட்டை மாடியில், சித்திரை வெயில் நேரே இறங்குகிற கான்கிரீட் கூரைக்கு அடியில் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து பட்டனை அழுத்தினால் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு ஓடும். 'ஹெட் கிளீனிங்' போட்டால் சரியாகலாம். அதற்கு மை செலவாகும். கழுவிய மை மிஷினின் அடியில் இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியதும் மிஷின் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிடும். புதிய மாடல்கள் சிலவற்றில் இந்தக் கழிவுப் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம். வாங்கும்போது கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடைப்பு போகவே இல்லையென்றால் என்ன ஆகும் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. கேனானின் ஜி வரிசையிலும் ஹெச்பியின் இங்க் டேங்க் வரிசையிலும் அச்சுத்தலையைக் கையாலேயே கழற்றிப் புதியது மாட்டலாம். எப்சனில் தலை மிஷினோடு சேர்ந்தது. அதை மாற்றும் செலவைக் கேட்டால் புது பிரிண்டர் வாங்கத் தோன்றும். பதிலுக்கு, எப்சனின் தலை மையைச் சூடாக்காமல் தள்ளுவதால் நீண்ட நாள் உழைக்கும். தினமும் ஓடும் வீட்டுக்கு எப்சன் லாபம், துண்டு மூடிக் கிடக்கும் வீட்டுக்குத் தலையைக் கழற்றி மாட்டும் வகை லாபம்.

டேங்க் பிரிண்டரைக் காப்பாற்ற இரண்டு பழக்கம் போதும். வாரத்துக்கு ஒரு பக்கம், நிறமும் கறுப்பும் கலந்தது, எடுத்துவிட வேண்டும். பேரப்பிள்ளைக்கு ஒரு மயில் படம் எடுத்துக் கொடுத்தாலும் போதும். இரண்டாவது, சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி அணைக்கக் கூடாது. மிஷினிலேயே இருக்கும் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் அச்சுத்தலை ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். சுவர் சுவிட்சைப் பட்டென்று தட்டினால் தலை வழியிலேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கும், மை காயும். 'கரண்ட் வீணாகிறது' என்று ராத்திரி எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டுப் படுக்கும் நல்ல குடும்பங்களில்தான் பிரிண்டர் சீக்கிரம் சாகிறது.

லேசருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டோனர் என்பது நைசான பிளாஸ்டிக் பொடி. அது காய்வதற்கு அதில் ஈரமே கிடையாது. பொங்கலுக்கு மூடிவைத்துத் தீபாவளிக்குத் திறந்தாலும் முதல் பக்கமே கறுகறுவென்று வரும். தேநீர் சிந்தினாலும் எழுத்து ஓடாது. டேங்க் பிரிண்டரில் கறுப்பு மை 'டை' வகையாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் வரி கரைந்து நீலமாகிவிடும். 'பிக்மென்ட்' வகையாக இருந்தால் தாங்கும். எது என்று வாங்கும் முன்னால் கேட்டுக்கொள்ளலாம். டேங்க்தான் வாங்குவது என்று முடிவு செய்தவர் கறுப்பாவது பிக்மென்டாக உள்ள மாடலைத் தேடினால் பின்னால் வருந்த வேண்டாம்.

லோயர் கேம்ப்பும் இன்வெர்ட்டரும்

முல்லைப் பெரியாறுத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிறது. மலையடிவாரத்துக் கூடலூருக்குக் கூப்பிடு தூரம்தான். அதற்காகக் கூடலூரில் கரண்ட் போகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாதாந்திரப் பராமரிப்பென்று காலையில் போனால் சாயங்காலம் வரும்.

லேசரின் ஒரே பெரிய குறை இங்கேதான். பொடியை உருக்கி ஒட்டுவதற்கு உள்ளே ஓர் உருளை 180, 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அச்சடிக்கும்போது சில நூறு வாட் இழுக்கும். சூடேறும் நொடிகளில் அது 700, 1000 வாட்டைக்கூடத் தொடும். வீட்டு இன்வெர்ட்டர் பாவம், அது விசிறிக்கும் விளக்குக்கும் கணக்குப் பார்த்து வாங்கியது. லேசரை அதில் மாட்டினால் ஒரு பக்கம் வருவதற்குள் கீச்சென்று கத்திவிட்டு நிற்கும். கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. டேங்க் பிரிண்டர் 10, 20 வாட்டில் ஓடிவிடும், இன்வெர்ட்டருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இது லேசரை ஒதுக்கக் காரணமா என்றால், இல்லை. கதை எழுதுவதற்கு கரண்ட் இல்லாத பகல் தடையாகலாம், திருத்தப்படி எடுப்பதற்குச் சாயங்காலம் வரை காத்திருக்கலாம். ஆனால் ஹைவேவிஸ் மாதிரி மலையூரில், காற்றடித்தால் நாள்கணக்கில் கரண்ட் வராத இடத்தில் இருப்பவர் இதை இரண்டு தடவை யோசிக்கத்தான் வேண்டும்.

மெக்கானிக் எந்த ஊரில்?

கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடியும் ரயில் வந்துவிட்டது உண்மை, ஆனால் கெட்டுப்போன பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போய் வருவது யாருக்கும் இன்பமான ரயில் பயணம் அல்ல. எனவே மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன்னால், கடைக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில் கேட்பது மேல். "அண்ணே, இதுக்கு ரீஃபில் போட இங்கே ஆள் இருக்கா?" என்ற கேள்விக்கு வரும் பதில்தான் வாரண்டி அட்டையைவிடக் கனமானது.

கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 என்ற இரண்டும் பழைய மாடல்கள். வேகம் நிமிடத்துக்கு 12 பக்கமும் அதற்குச் சற்று மேலும்தான், வைஃபை கிடையாது, இருபக்க அச்சும் தானாக வராது. இருந்தாலும் தமிழ்நாட்டின் எந்த டவுனிலும் இவற்றைப் பார்க்க முடிவதற்குக் காரணம் ஒன்றே. '12ஏ' என்று மெக்கானிக்குகள் சொல்லும் கார்ட்ரிட்ஜும் அதன் கேனான் தம்பியும் சுமார் 2,000 பக்கம் தரும், தீர்ந்ததும் பொடி நிரப்பிக்கொள்ளலாம், உதிரி எல்லா ஊரிலும் கிடைக்கும். ஹெச்பியின் 88ஏ கார்ட்ரிட்ஜும் இதே குடும்பம், 1,500 பக்கம். கைமாற்றாக இவற்றில் ஒன்று நல்ல நிலையில் கிடைத்து, எழுதுவதும் கம்ப்யூட்டரில் என்றால், யோசிக்காமல் வாங்கலாம். போனிலேயே கதை தட்டுகிறவருக்கு மட்டும் இது சரிப்படாது. அவருக்கு வைஃபை உள்ள மிஷின்தான் வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர் இருபக்க அச்சு தானாக வரும் கறுப்பு லேசரைப் பார்க்கலாம். பிரதரின் ஹெச்எல்-எல்2321டி அந்த வகை. டோனர் 2,600 பக்கத்துக்கு, டிரம் 12,000 பக்கத்துக்கு என்று இரண்டும் தனித்தனி. பொடி தீர்ந்தால் பொடிப் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஹெச்பி, கேனான் சிறிய லேசர்கள் பலவற்றில் டிரம்மும் பொடியும் ஒரே கூட்டில் இருக்கும். விலை கூடுதலாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு தடவையும் புது டிரம் வருவதால் எழுத்து மங்காது. ரீஃபில் போட்டுக்கொண்டே போனால் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு டிரம் தேய்ந்து பக்கத்தில் கறுப்புக் கோடு விழும். அப்போது பொடியைத் திட்டக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. இப்போது வரும் கார்ட்ரிட்ஜ்களில் சிப் இருக்கிறது. ஹெச்பி தன் பல மாடல்களில் 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. வேறு நிறுவனத்துச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜை மாட்டினால் மிஷின் ஏற்க மறுக்கலாம். பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இது அச்சாகியிருக்கும். ரீஃபிலை நம்பி வாங்குகிறவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய வரி அதுதான்.

பெட்டிமேல் போட்டிருக்கும் பக்கக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. லேசர் கறுப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752 என்றொரு தர அளவு உண்டு. பக்கத்தில் சுமார் 5 சதவீதம் மட்டும் கறுப்பு நிரம்பியிருப்பதாக வைத்துக்கொண்டு சொல்லப்படும் எண் அது. கதையெழுதும் பக்கம் மேலிருந்து கீழ் வரை நெருக்கமாக நிரம்பியிருக்கும். சொன்னதில் முக்கால் பங்கு வரும் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. புது மிஷினோடு வரும் முதல் டோனர் பெரும்பாலும் அரைகுறையாக நிரப்பியது என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

புள்ளி சோதனை

கடையில் காட்டும் மாதிரிப் பக்கத்தில் மலர்க்கொத்தும் ஆங்கில எழுத்தும் இருக்கும். அதைப் பார்த்துத் தமிழுக்கு முடிவு செய்யக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு இல்லாத சங்கடங்கள் தமிழுக்கு உண்டு: சுழி, கொம்பு, கால், எல்லாவற்றுக்கும் மேல் புள்ளி.

சொந்த எழுத்தில் ஒரு பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும். ஒரே பத்தியை 9, 10, 11, 12 அளவுகளில் அடுக்கி, ணை, ஞ், க்ஷ், ஸ்ரீ, னூ, ஔ எல்லாம் வருமாறு பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. சாதாரணக் காகிதத்தில், முதலில் வழக்கமான தரத்திலும் பிறகு மை மிச்சம் பிடிக்கும் 'டிராஃப்ட்' தரத்திலும் எடுத்துப் பார்க்கலாம். டேங்க் பிரிண்டரில் மை காகிதத்தில் சற்றே ஊறிப் பரவும். சின்ன அளவில் ணகரச் சுழிகளின் உள்வட்டம் அடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். டிராஃப்ட் தரத்தில் புள்ளி மங்கி மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். திருத்தப்படியில் புள்ளி தெரியவில்லையென்றால் அது கதையின் பிழையா, மிஷினின் பிழையா என்று யார் சொல்வது? 600 டிபிஐ லேசர் இந்தச் சோதனையில் தோற்பது அபூர்வம்.

கமிஷன் கடைகளில் பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் மிஷின் கைமாற்றாக மலிவாகக் கிடைக்கும். ஒன்பது ஊசி குத்திக் குத்தி உண்டாக்கும் எழுத்தில் தமிழ்ச் சுழி கட்டங்கட்டமாக நிற்கும். அது ஏலக்காய் மூட்டைக்குச் சரி, நாவலுக்குச் சரியில்லை.

பிடிஎஃப் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய பழைய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. எனினும் டிடிபி சென்டர்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் வாழ்கின்றன. பிடிஎஃப்பில் எழுத்துருவும் சேர்ந்தே போவதால் எங்கே திறந்தாலும் எழுத்து மாறாது.

வாங்காமலே இருக்கலாமா?

இருக்கலாம். வருஷத்துக்கு ஆயிரம் பக்கம் எடுக்கிறவர் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு மூன்று ரூபாய் கொடுத்தாலும் இரண்டாயிரம், மூவாயிரத்தில் முடிந்துவிடும். சுமாரான லேசரோ டேங்கோ பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். காகிதமும் பொடியும் வேறு. காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் போட்ட முதலை எடுக்கவே நாலைந்து வருஷம் ஓடிவிடும். லாபம் வரும் என்று வீட்டில் சொல்லி வாங்க வேண்டாம்.

வேறு இரண்டு காரணம்தான் நியாயமானவை. ராத்திரி பதினொரு மணிக்குக் கடை திறந்திருக்காது, திருத்துகிற வேகம் அந்த நேரத்தில்தான் வரும். இரண்டாவது, வெளியாகாத கதை கடையின் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிய கோப்பு யார் யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. பிரிண்ட் எடுத்ததும் 'டவுன்லோட்ஸ்' பகுதியிலிருந்து அழிக்கச் சொல்லி நின்று பார்த்துவிட்டு வருவது, போட்டிக்குக் கதை அனுப்புகிறவருக்கு அவசியம்.

சிறுபத்திரிகை ஆசை உள்ளவருக்கு மூன்றாவது காரணமும் உண்டு. ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5. நான்கு தாளில் பதினாறு பக்கம். நூறு பிரதிக்கு நானூறு தாள், ஒரு ரீமுக்குள் அடங்கிவிடும். பிடிஎஃப் படிக்கும் மென்பொருளிலேயே 'புக்லெட்' என்று ஒரு வசதி இருக்கும். பக்க வரிசையை அதுவே மாற்றிக்கொடுக்கும். இருபக்க லேசர் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் இதழ் தயார். செல்லப்பா காலத்தில் இது இருந்திருந்தால் அவர் கைக்காசில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்.

ஸ்கேனரும் சேர்ந்த 'ஆல் இன் ஒன்' தேவையா என்பது அலமாரியைப் பொறுத்தது. பழைய டைரி, மஞ்சளேறிய இதழ், தாத்தாவின் கைப்பிரதி வைத்திருப்பவருக்குக் கண்ணாடி மேடை ஸ்கேனர் உதவும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அச்செழுத்துத் தமிழை ஓரளவுக்கு எழுத்தாகவே மாற்றித் தந்துவிடும். 300 டிபிஐ போதும். தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் வகைக்குள் நொறுங்கும் காகிதத்தை விடவே கூடாது. மற்றவர்களுக்குப் போன் கேமராவே போதுமானது.

காற்றும் காகிதமும்

ஆடிக் காற்று அடிக்கும்போது ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கத்துப் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பின்பக்கம் தாள் நிறுத்தும் மாடல்களில் அந்தத் திறப்பு வழியாகவே மண் உள்ளே இறங்கும். தாளைப் பிடித்திழுக்கும் ரப்பர் வழுக்கி, மூன்று தாளைச் சேர்த்து இழுக்கும், அல்லது ஒன்றையும் இழுக்காது. அடியில் மூடிய தட்டு உள்ள மிஷின் நம் பக்கத்துக்குத் தோதானது. எப்படியிருந்தாலும் மேலே ஒரு துணி வேண்டும். பல்லியும் எறும்பும் சூடான இடத்தைத் தேடிவரும் என்பதால் துணி நாலு பக்கமும் இறங்கியிருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலுள்ள ஈரத்தைக் காகிதம் குடிக்கும். ஈரத் தாள் லேசரின் சூட்டில் சுருண்டு சிக்கிக்கொள்ளும். ரீமைப் பிரித்த பிறகு மீதியைப் பாலிதீன் பையில் சுற்றி, தரையில் வைக்காமல் அலமாரியில் வைத்தால் பேப்பர் ஜாம் பாதியாகக் குறையும். காகிதம் 70 ஜிஎஸ்எம்முக்குக் கீழே வேண்டாம், பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியும். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தயாராகும் டிஎன்பிஎல் தாள் எல்லா ஊரிலும் கிடைக்கும், திருத்தப்படிக்குத் தாராளம்.

ஒரு பக்கம் எழுதிய பழைய தாளின் மறுபக்கத்தைப் பயன்படுத்தும் சிக்கனம் எழுத்தாளர் வீடுகளில் பரம்பரையாக வருவது. நல்ல பழக்கம்தான், ஆனால் பின் அடித்த தாளை மட்டும் கவனிக்க வேண்டும். மறந்துவிட்ட ஒரு ஸ்டேப்ளர் பின் டிரம்மைக் கீறினால் அந்தச் சிக்கனம் ஒரு கார்ட்ரிட்ஜ் விலையில் போய் முடியும். டோனர் பொடி வேட்டியில் கொட்டிவிட்டால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் பொடி உருகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி தீர்ப்பு. மாதக்கணக்கில் மூடிவைத்துவிட்டு ஒரே ராத்திரியில் மூட்டையாக எடுக்கும் எழுத்தாளருக்கு, உள்ளூரில் ரீஃபில் போட ஆள் உள்ள கறுப்பு லேசர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாரா வாரம் ப்ராஜெக்ட் என்று வந்து நிற்கும் வீட்டில், அல்லது கரண்ட் நிலையில்லாத மலையூரில், கறுப்புக்குப் பிக்மென்ட் மை உள்ள டேங்க். வருஷத்தில் இருநூறு பக்கத்தைத் தாண்டாதவருக்கு, பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடை.

டேங்க் பிரிண்டர் வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. "இங்கேயே மை ஊத்தி ஓட்டிக் காட்டுறேன்" என்று கடைக்காரர் பாட்டிலைத் திறந்தால் தடுத்துவிடுங்கள். சோதனைப் பக்கத்தைக் கடையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே மாடலில் எடுத்துப் பாருங்கள். மை நிரப்பிய மிஷினைச் சாய்க்கக் கூடாது. தேனியிலிருந்து கம்பம் வரை பைக்கில் வைத்துக்கொண்டு வந்தால் பாதி மை பெட்டிக்குள்ளேதான் இருக்கும். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டு, பாட்டிலை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து, மேஜையில் வைத்த பிறகு ஊற்றுங்கள்.